“பெஸ்ட் குவாலிட்டி”ன்னு போட்டுட்டு பிக்சல் உடைஞ்ச டிவிடி தர்ற உங்க எடிட்டிங் சாஃப்ட்வேர் பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஹோம் வெர்ஷனை காசு குடுத்து வாங்கினவன் நான், பில் காப்பி இந்த மெயில்ல இருக்கு. சாட்லயும் மெயில்லயும் ஏற்கனவே சொன்ன விஷயம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து “என்ன பிராப்ளம் சார்”னு முதல்லேருந்து கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே லெட்டரா எழுதிடறேன், இனிமே யார் வந்தாலும் இதை படிச்சுட்டு பேசட்டும். தமிழ்ல சப்போர்ட் உண்டுன்னு உங்க சைட்லயே போட்டிருக்கீங்க, அதான் தமிழ்ல எழுதறேன்.

திருக்கடையூர்ல வெச்சு அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணினோம். சித்தப்பா பையன் அவனோட ஹேண்டிகேம்ல முழுசா எடுத்தான், ஏவிசிஎச்டி ஃபார்மேட், 1920க்கு 1080, இன்டர்லேஸ்டு (ஒரு வரி விட்டு ஒரு வரியா ரெண்டு தடவையில பதிவாகறது), நொடிக்கு 25 ஃப்ரேம். வெட்டி ஒட்டி முடிச்சப்போ 1 மணி 50 நிமிஷம் வந்துச்சு. இதை டிவிடில போட்டு சொந்தக்காரங்களுக்கு குடுக்கணும். “இந்தக் காலத்துல டிவிடி எதுக்கு சார், பென் டிரைவ்ல குடுங்க, யூடியூப்ல போடுங்க”ன்னு உங்க ஆள் ஒருத்தர் அட்வைஸ் பண்ணினார். எங்க பெரியப்பா வீட்டு டிவில யுஎஸ்பி ஓட்டையே கிடையாது, அவருக்கு டிவிடி பிளேயர் போடத் தெரியும், அவ்வளவுதான். அதுவும் போக, உங்க பெட்டி மேலயே “உயர்தர டிவிடி உருவாக்கலாம்”னு பெருசா அச்சடிச்சு வித்திருக்கீங்க, வித்த அப்புறம் டிவிடி பழசுன்னு சொன்னா எப்படிங்க?

சரி, என்ன வந்துச்சுன்னு சொல்றேன். “கிரியேட் டிஸ்க்” போய், “பெஸ்ட் குவாலிட்டி”ய டிக் பண்ணி, ராத்திரி முழுக்க ரெண்டர் (எடிட் பண்ணினதை டிவிடி ஃபைலா மாத்தற வேலை) ஓடவிட்டு, காலையில போட்டுப் பார்த்தா, சும்மா உக்காந்திருக்கற சீனெல்லாம் பரவாயில்ல ரகம், ஆனா கலசத் தண்ணிய எடுத்து அப்பா அம்மா தலையில ஊத்தற இடம் இருக்கு பாருங்க, விசேஷத்துக்கே அதுதானே முக்கியம், அங்க தண்ணி விழ ஆரம்பிச்ச உடனே ரெண்டு பேர் முகமும் சதுரம் சதுரமா உடையுது. அம்மா கண்ணை மூடிக்கிட்டு சிரிக்கறாங்க, ஒரிஜினல் ஃபைல்ல அது அவ்வளவு அழகா இருக்கு, உங்க டிவிடில மூக்கு எது வாய் எதுன்னு தெரியல. அட்சதை போடறப்போ அதே கதி. போட்டோகிராஃபர் ஃபிளாஷ் அடிச்சா ஒரு நிமிஷம் மாதிரி தோணற அளவுக்கு படம் கலங்கி அப்புறம் தெளியுது. கோபுரத்தை கீழேருந்து மேல பேன் பண்ணி காட்டற ஷாட் தத்தித் தத்திப் போகுது. புடவை ஜரிகை மினுக் மினுக்குன்னு துடிக்குது.

இதுக்கு உங்க சப்போர்ட் சொன்ன பதில்: டிஸ்க் பிராண்டை மாத்துங்க, 4 எக்ஸ் ஸ்பீடுல பர்ன் பண்ணுங்க, பிளேயர் லென்ஸை தொடைங்க. தோசை கருகிப்போச்சுன்னு சொன்னா தட்டை மாத்திப் பாருங்கன்னு சொல்ற கதையா இருக்கு. டிஸ்க்ல எழுதறது டேட்டாங்க, டிஸ்க் மோசம்னா படம் நின்னு போகும், தாவும், “நோ டிஸ்க்”னு வரும், தண்ணி ஊத்தற இடத்துல மட்டும் கரெக்டா பார்த்து உடையாது. டிஸ்க்கே போடாம, ஹார்ட் டிஸ்க்ல இருக்கற, டிவிடிக்குப் போற ஃபைல்கள் அடங்கின வீடியோ டிஎஸ் ஃபோல்டரை விஎல்சிங்கற பிளேயர் சாஃப்ட்வேர்ல திறந்து ஓட்டினேன், அதே இடம், அதே சதுரம். அப்போ டிஸ்க்குக்கும் லென்ஸுக்கும் இதுல என்ன சம்பந்தம்? இதை எழுதி அனுப்பினதுக்கு அடுத்து வந்த மெயில்லயும் “வேற பிராண்ட் டிஸ்க் டிரை பண்ணீங்களா”ன்னுதான் இருந்துச்சு. நான் எழுதினதை யாராவது படிச்சாங்களான்னே சந்தேகமா இருக்கு.

அப்புறம்தான் வீடியோ ஃபைலோட விவரத்தைக் காட்டற மீடியாஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல போட்டு உங்க விஓபி ஃபைலை (டிவிடில படம் இருக்கற ஃபைல்) பார்த்தேன், ரிப்போர்ட் இணைச்சிருக்கேன், தயவுசெஞ்சு டெக்னிக்கல் ஆள் யாராவது அதை பாருங்க. 720க்கு 480, 29.97 ஃப்ரேம், என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி சிஸ்டம். ஏங்க, இன்ஸ்டால் பண்ணும்போதே நாடு இந்தியான்னு செலக்ட் பண்ணியிருக்கேன், இங்க பால் (PAL)ங்கற டிவி சிஸ்டம், 720க்கு 576, 25 ஃப்ரேம், கேமராவும் அதே 25லதான் எடுத்திருக்கு. அதை எடுத்து 480 வரியா சுருக்கி, நொடிக்கு ஏறக்குறைய 5 ஃப்ரேமை திரும்பத் திரும்ப ஒட்டி 29.97 ஆக்கியிருக்கீங்க. கோபுரம் ஏன் தத்தித் தத்திப் போகுதுன்னு இப்போ புரியுதுங்களா? இப்போ வர்ற பிளேயர், டிவி எல்லாம் ரெண்டு சிஸ்டத்தையும் ஓட்டிடும், அதனால படம் வராம நிக்காது, மோசமா வரும், எதனாலன்னு யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் தன் கேமரா சரியில்லன்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்களோ.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு நொடி படத்துக்கு எவ்வளவு டேட்டா ஒதுக்கறீங்கங்கறது. இதுலதான் எனக்கு கோவம் ஜாஸ்தி. வீடியோவுக்கு 3.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), அதுவும் கான்ஸ்டன்ட், அதாவது சும்மா உக்காந்திருக்கற சீனுக்கும் அதே அளவு, தண்ணி கொட்டற சீனுக்கும் அதே அளவு. சவுண்டுக்கு கம்ப்ரெஸ் பண்ணாத பிசிஎம், 1536 கேபிபிஎஸ். ஒரு கணக்கு போடுவோம். சிங்கிள் லேயர் டிஸ்க் 4.7 ஜிபி, 1 மணி 50 நிமிஷம்னா 6600 நொடி, மொத்தமா நொடிக்கு 5.7 எம்பிபிஎஸ் வரைக்கும் இடம் இருக்கு. ஆடியோவை ஏசி-3ங்கற சுருக்கின ஃபார்மேட் ஆக்கினா 192 கேபிபிஎஸ்ல முடிஞ்சிடும், ஹேண்டிகேம் மைக்ல பதிவான நாதஸ்வரத்துக்கு அது போதும், மெனுவுக்கு கொஞ்சம் ஒதுக்கினாக்கூட வீடியோவுக்கு 5.2 குடுக்கலாம். நீங்க குடுத்தது 3.5. அரை ஜிபி டிஸ்க்ல காலியாவே கிடக்கு! டிவிடில வீடியோவுக்கு உச்சவரம்பே 9.8 எம்பிபிஎஸ், அதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கற படத்துக்குத்தான் சரிப்படும்னு எனக்கும் தெரியும், நான் அதைக் கேக்கல, டிஸ்க்ல இருக்கற இடத்தை ஏன் யூஸ் பண்ணலன்னுதான் கேக்கறேன். இதுல “பெஸ்ட்”ங்கறது எது? பிட்ரேட் எவ்வளவுன்னு ஸ்க்ரீன்ல எங்கயும் காட்டறது இல்ல, மாத்தவும் வழி இல்ல, கேட்டா “அல்டிமேட் வெர்ஷன் வாங்குங்க சார், அதுல மேனுவல் செட்டிங் இருக்கு”ன்னு லிங்க் அனுப்பறாங்க. ஏசி-3யும் அதுலதானாம்.

விடாம கேட்டதுல ஒரு மேடம் மட்டும் உருப்படியா பதில் சொன்னாங்க, அவங்களுக்கு நன்றி சொல்லிடணும். டிவி சிஸ்டத்தை மாத்தற செட்டிங் டிஸ்க் மெனுல இல்லையாம், ப்ரிஃபரன்ஸ்ல கேப்ச்சர்னு ஒரு டேப் உள்ள இருக்காம், மாத்தினதும் சாஃப்ட்வேரை மூடித் திறக்கணுமாம். கேப்ச்சர் டேப்ல போய் டிவிடி செட்டிங்கை யாருங்க தேடுவாங்க? அதை பால் ஆக்கி மறுபடி ரெண்டர் பண்ணினேன். இப்போ 576, 25 ஃப்ரேம், ஜம்முனு வரும்னு பார்த்தா புதுசா ஒரு வியாதி. குருக்கள் தீபாராதனை காட்டறார், தட்டு வலது பக்கம் போகணும், அது ஒரு எட்டு முன்னாடி, ஒரு எட்டு பின்னாடின்னு நடுங்கிக்கிட்டே போகுது, டிவில பார்த்தா கண்ணு வலிக்குது. கம்ப்யூட்டர்ல அதே டிவிடி சாதாரணமா தெரியுது.

இது ஃபீல்டு ஆர்டர் கோளாறு. ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு ஃபீல்டு, ஒத்தைப்படை வரி ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரி இன்னொரு ஃபீல்டு, ரெண்டும் ஐம்பதுல ஒரு நொடி தள்ளி எடுத்தது. இந்த கேமரா ஃபைல் டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட், அதாவது மேல் வரியில தொடங்கற ஃபீல்டு முதல்ல, மீடியாஇன்ஃபோலயே அப்படித்தான் காட்டுது. உங்க டிவிடில பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்னு எழுதியிருக்கு. பழைய மினி டிவி (MiniDV) கேமரா டேப்புக்கு பாட்டம் ஃபர்ஸ்ட்தான் சரி, அந்தக் காலத்துல எழுதின செட்டிங்கை அப்படியே வெச்சிருக்கீங்கன்னு நினைக்கறேன். டிவி பின்னாடி வர வேண்டிய ஃபீல்டை முன்னாடி காட்டுது, அதனாலதான் தட்டு நடுங்குது. கம்ப்யூட்டர்ல ரெண்டு ஃபீல்டையும் ஒண்ணா சேர்த்து ஒரே படமா காட்டறதால தெரியாது. நம்பிக்கை இல்லன்னா உங்க ஆஃபீஸ்லயே விஎல்சில டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி, மோடு “பாப்”னு (ஃபீல்டை ஒண்ணொண்ணா காட்டற மோடு) வெச்சு நான் அனுப்பின கிளிப்பை ஓட்டிப் பாருங்க, நடுக்கம் அப்படியே தெரியும்.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் “உங்க ஃபுட்டேஜ்ல பிரச்சனை இருக்கலாம்”னு ஒரு பதில் வந்துச்சு. அதனால இதையும் செஞ்சு பார்த்தேன். உங்க சாஃப்ட்வேர்லயே “சேம் ஆஸ் சோர்ஸ்”னு 1080 ஃபைலா வெளிய எடுத்தேன், அது கண்ணாடி மாதிரி இருக்கு, அதனால உங்க எடிட்டிங் பார்ட் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, டைம்லைன் நல்லாவே பண்ணியிருக்கீங்க. அந்த ஃபைலை எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல குடுத்து, டார்கெட் பால் டிவிடி, வீடியோ 5200 கேபிபிஎஸ், ரெண்டு பாஸ் (முதல் தடவை படத்தை அலசி, ரெண்டாவது தடவை எழுதறது), ஆடியோ ஏசி-3 192, டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்னு வெச்சு, சுருக்கறப்போ ஃபீல்டை தனித்தனியா சுருக்கச் சொல்லி டிவிடிக்கான எம்பெக்-2 ஃபார்மேட் ஆக்கினேன். மெனு டிவிடிஸ்டைலர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டேன். ரெண்டும் ஓசி சாஃப்ட்வேர். நீங்க குறை சொன்ன அதே பிராண்ட் டிஸ்க், அதே பிளேயர், அதே டிவி. கலசத் தண்ணி தண்ணியாவே விழுது, தட்டு நேரா போகுது, ஜரிகை துடிப்பு கூட பெரும்பாலும் அடங்கிப்போச்சு. எச்டி மாதிரி இருக்குன்னு சொல்ல மாட்டேன், டிவிடி டிவிடிதான், ஆனா ஒரு டிவிடி எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. காசு குடுத்து வாங்கினது பண்ணாததை காசில்லாதது பண்ணிடுச்சு.

இதோட சின்னதா இன்னொண்ணு, தமிழ் டைட்டில். திருக்கடையூர்னு டைப் பண்ணினா “டை”ல இருக்கற கொம்பு இடம் மாறி பின்னாடி போய் உக்காந்துக்குது, ஒரு புள்ளி வட்டத்தோட. தமிழ்ல சப்போர்ட் உண்டுன்னு போட்டிருக்கறது ஃபோன்ல பேசறதுக்கு மட்டும்தானா? வேற இடத்துல படமா செஞ்சு ஒட்டிக்கிட்டேன், அது போகட்டும்.

எனக்கு வேண்டியது ஒண்ணு என் காசு திரும்ப வரணும், இல்லன்னா இந்த ஹோம் வெர்ஷனுக்கே அப்டேட் வரணும். அப்டேட்னா, நாடு இந்தியான்னு போட்டா தானா பால் ஆகணும், ஃபீல்டு ஆர்டரை சோர்ஸ் ஃபைலை பார்த்து எடுக்கணும், ஏசி-3 இருக்கணும், டிஸ்க் எழுதறதுக்கு முன்னாடி பிட்ரேட் இவ்வளவுன்னு ஸ்க்ரீன்ல காட்டணும். அல்டிமேட் வெர்ஷனுக்கு டிஸ்கவுன்ட் கூப்பன் அனுப்பாதீங்க, வாங்க மாட்டேன். பெட்டி மேல எழுதினதை செய்யறதுக்கு இன்னொரு தடவை காசு குடுக்கறதுல நியாயம் இல்ல.

ரெண்டு வாரம் பார்ப்பேன். பதில் வரலன்னா 1915க்கு ஃபோன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணிடுவேன், அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், உங்க ஹெட் ஆஃபீஸ் இருக்கற ஊருக்கு நான் அலைய வேண்டியதில்ல. அந்த அளவுக்கு போக எனக்கும் ஆசை இல்ல, நேரமும் இல்ல.

பில் காப்பி, மீடியாஇன்ஃபோ ரிப்போர்ட் ரெண்டு (உங்களது ஒண்ணு, நான் பண்ணினது ஒண்ணு), கலசம் ஊத்தற சீன் ரெண்டு டிவிடிலேருந்தும் வெட்டினது, தீபாராதனை கிளிப், உங்க சாட் எல்லாத்தோட ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் இணைச்சிருக்கேன். கிளிப்ல இருக்கறது எங்க வீட்டு மனுஷங்க, டெஸ்ட் பண்ணி முடிச்சதும் அழிச்சிடுங்க, டெமோவுக்கு எங்கயும் போடக்கூடாது. ஃபோன் பண்றதா இருந்தா சாயங்காலம் 6 மணிக்கு மேல பண்ணுங்க, டிஸ்க் பிராண்ட் என்னன்னு கேக்காத ஆளா பார்த்து பேசச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க ஹோம் வெர்ஷன் வாடிக்கையாளர்