எர்த் பின்ன பாத்துக்கோ தாயி

எம்மா,

நீ அனுப்புன லிங்க் வந்துச்சு. ஒரு வார்த்தை எழுதாம வெறும் லிங்க மட்டும் அனுப்பியிருக்க, நான் எவனோ பேங்க் பேர சொல்லி ஏமாத்துதான்னு நெனச்சு தொடவே இல்ல, பெறவு எதுத்த கடை பையன் போன வாங்கிப் பாத்துட்டு அங்கிள் இது உங்க பொண்ணோட ஆல்பம்னான். ஒம்போது பாட்டு. ரிப்பேர் கடை ஷட்டர பாதி இறக்கிட்டு பெஞ்சுல கிடக்க பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன், போன்ல கேக்கல. முதல் ஆல்பம்ங்கறதால முழுசா கேக்கணும்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். மூணாவது பாட்டு முடிஞ்சு நாலாவது ஆரம்பிக்க முன்னாடி ம்ம்ம்னு ஒரு ஹம் ஓடுது. மத்தவங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும், அது கரண்ட் லைன் ஹம். அந்த கம்மனஹள்ளி வீட்டு கீழ் ரூம்லதான ரெக்கார்ட் பண்ணீங்க? அங்க எவனாவது மூணு பின் பிளக்குல எர்த் பின்ன வெட்டி வச்சிருக்கானா பாரு. ஹம்ம கொறைக்க அத பண்ணுவானுங்க. ஹம் போயிரும், ஆனா உள்ள ஏதாவது லீக் ஆச்சுன்னா ஆம்ப்ளிஃபயர் பாடியிலயே கரண்ட் நிக்கும், உன் கை கிடார் கம்பியில இருக்கும், வாய் மைக்குல படும், அவ்வளவுதான். யார்ட்பேர்ட்ஸ்னு ஒரு இங்கிலாந்து குரூப்புல பாடுன கீத் ரெல்ஃப் 1976ல வீட்டுல உக்காந்து கிடார் வாசிச்சவரு அப்படியே போயிட்டாரு, எர்த் சரியில்ல, வயசு 33தான். நீ இதெல்லாம் அப்பா எப்பவும் சொல்லுததுன்னு தள்ளிராத.

கிடார் சத்தம் வந்ததும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு தாயி. காலம் பூரா நான் கணபதி பந்தல்காரன் கிழிச்சுட்டு வார ஸ்பீக்கர் கோன ஒட்டிக்கிட்டு இருந்தவன், அகூஜா ஸ்பீக்கர்ல கரகரன்னு வருதுன்னு கணபதி மண்டல்காரன் சண்டைக்கு வருவான், இப்ப என் பொண்ணு அந்த கரகரப்ப காசு குடுத்து பெட்டியில வாங்கி கால்ல மிதிக்கா. யூட்யூப்ல தேடிப் பாத்தேன், 1964ல கிங்க்ஸ் குரூப்புல டேவ் டேவிஸ்னு ஒரு பையன் நல்ல ஸ்பீக்கர பிளேடால கிழிச்சிருக்கான். வயித்தெரிச்சல். அதுக்கு முன்னாலயே அமெரிக்காவுல நாஷ்வில்ல ரெக்கார்டிங் மிக்ஸர்ல ஒரு சேனல் கெட்டுப்போய் பேஸ் கிடார் கொரகொரன்னு பதிவாயிருக்கு, அத அழிக்காம ரெக்கார்ட்லயே விட்டுட்டானுங்க, அங்க இருந்த இன்ஜினியர் க்ளென் ஸ்னாடி அந்த கோளாறயே ஒரு பெட்டிக்குள்ள கொண்டாந்துட்டாரு, 1962ல மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்னு விலைக்கு வந்துச்சு. ரிப்பேர்காரன் சொல்லுதேன், அந்தாளுக்கு நல்ல மூளை. உன்னோடதும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது பாட்டுல ஆர்கன் பின்னாலயே வந்து ஃபஸ்ஸும் அதுவும் ஒண்ணா ஏறுதே, அத திருப்பித் திருப்பிப் போட்டேன். அந்த ஆர்கன் வாசிக்க பையன் யாரு, நம்ம ஊர் பையனா?

ஆனா உன் குரல எதுக்கு அவ்வளவு பின்னால தள்ளி வச்சிருக்க? உங்கம்மா கேட்டுட்டு, ஏங்க புள்ள கிணத்துக்குள்ள இருந்து பாடுதான்னா. நான் அது ஸ்பிரிங் ரிவெர்ப்பு, ஆம்புக்குள்ள ஸ்பிரிங் இருக்கும், சத்தம் அது வழியா போயிட்டு வரும்னு விளக்குனேன், அவ ஸ்பிரிங்க கழட்டச் சொல்லுங்கன்னுட்டு உள்ள போயிட்டா. சேலை முந்தியால கண்ணத் தொடச்சா, அது வெங்காயமான்னு தெரியல.

இங்கிலீஷ் வரி எனக்கு பாதிதான் வெளங்குச்சு. ஆறாவது பாட்டுல மட்டும் நடுவுல தமிழ்ல வருது, தூங்கல தூங்கலன்னு. அது வெளங்குச்சு. பாட்டுக்காக எழுதுனதுதான, தெரியும். இருந்தாலும் நேரத்துக்குத் தூங்கு.

நீங்க என்னவோ புதுசா பண்ணுதீங்கன்னு நெனைக்காத. என் சித்தப்பா இங்க பம்பாய் சண்முகானந்தா ஹால்ல மைக் வேலைக்குப் போவாரு, கச்சேரிக்கு மட்டும் இல்ல, சிம்லா பீட் போட்டின்னு நடக்குமாம், மெட்ராஸ், பெங்களூர், கல்கத்தான்னு எல்லா ஊர்ல இருந்தும் பையன்க முடிய வளத்துக்கிட்டு வருவானுங்களாம், நேத்து பாகவதர் உக்காந்த மேடையில இன்னைக்கு இவனுங்கன்னு சித்தப்பா தலையில அடிச்சுக்குவாரு. 1970லயும் 71லயும் அந்த போட்டிப் பாட்டெல்லாம் எல்பி ரெக்கார்டா வந்துச்சு. இப்ப அதுக்கு வெளிநாட்டுல கிராக்கியாம். அத நடத்துனது சிகரெட் கம்பெனி, சிம்லாங்கறதே சிகரெட் பேருதான். சரி அத விடு. நாலாவது பாட்டு ஆரம்பத்துல ஒரு இருமல் இருக்கே, அது நீயா, வேற யாருமா? அத ஏன் எடுக்காம விட்டீங்க? இஞ்சி தட்டிப் போட்டு சுடுதண்ணி குடி, அங்க குளிர் வேற.

பெறவு, நீ ஒரு பேட்டியில 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்தான் எங்களுக்கு வாத்தியார்னு சொன்ன பாரு, அவங்களையும் கேட்டேன். டெக்சாஸ்காரனுங்க, 1966ல முதல் ஆல்பம். ஒருத்தன் ஜாடிய வச்சுக்கிட்டு நிக்கான், நான் கடம்னு நெனச்சேன், தட்டவே இல்ல, வாய வச்சு குடுகுடுன்னு ஒரு சத்தம் எடுக்கான். பாட்டு நல்லாருக்கு. பாடுதவரு ராக்கி எரிக்சன், என்ன தொண்டை அந்தாளுக்கு. அவரு கதைய எதுக்குப் படிச்சேன்னு இருக்கு. எல்எஸ்டி, அது இதுன்னு போதை மருந்து எல்லாம் எடுத்திருக்காரு, 1969ல ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோட போலீஸ் புடிச்சிருக்கு, ஜெயிலுக்குப் பயந்து மனநிலை சரியில்லன்னு கோர்ட்ல சொல்லி, கடைசியில ரஸ்க்ங்கற ஆஸ்பத்திரியில 1972 வரைக்கும் வச்சிருக்காங்க, கரண்ட் ஷாக் எல்லாம் குடுத்திருக்காங்க. உள்ள போகும்போது இருவத்தஞ்சு வயசு ஆகல, அவங்கம்மா என்ன பாடு பட்டிருப்பா. வெளிய வந்து பெறவும் பாடுனாரு, 2019 வரைக்கும் இருந்தாரு, அது வேற விஷயம்.

நான் உன்ன ஒண்ணும் கேக்கல. அது அமெரிக்கா, அந்த காலம். சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.

எர்த் பின்ன பாத்தியா?

காதுக்கு பஞ்சு வச்சுக்கோ, பஞ்சு பத்தாது, இயர் பிளக்குன்னு கேட்டு வாங்கு, கணபதி செட்டுக்காரனுவ பாதிப் பேருக்கு இப்ப காது கேக்கல. நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு, விடியக்காலம் மூணு மணிக்கு ஆன்லைன்ல பச்சை லைட்டு எரியுது உனக்கு, நான் பாத்ரூமுக்கு எந்திரிக்கும்போது பாக்கேன்.

இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல. சர்வேகாரன் நம்ம சந்துல எல்லா கோலிக்கும், எல்லா ரூம் வீட்டுக்கும் நம்பர் போட்டுட்டுப் போயிட்டான். அத்தை மக மாசமா இருக்கா. அத்தை பொங்கலுக்கு முன்னால போன்ல சொன்னத நீ மனசுல வச்சுக்கிட்டுதான் வரலன்னு உங்கம்மா சொல்லுதா, அப்படியா? 90 அடி ரோட்டுல வருசா வருசம் உன் பானைதான் முதல்ல பொங்கும், இந்த வருசம் எல்லாரும் கேட்டாங்க, ரெக்கார்டிங்ன்னு சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன். வேலைக்குப் போறியா விட்டுட்டியான்னும் கேட்டாங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல.

டப்பாவுல பழைய ஏசி128 கொஞ்சம் கிடந்துச்சு, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், உங்க பெங்களூர் ஜாலஹள்ளியில பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பெல் கம்பெனி செஞ்சது, ரேடியோவுல இருந்து கழட்டி வச்சது. ஃபஸ்ஸுக்கு இதத்தான் தேடி அலையுதாங்களாமே. மீட்டர்ல போட்டு லீக்கேஜ் பாத்து ஜோடி சேத்து வச்சிருக்கேன். இங்க தாராவி வெக்கையில அது நிக்காது, சூடு ஏறுனா சத்தம் மாறிரும், உங்க ஊர் குளிருக்கு சரியா இருக்கும். கூரியர்ல அனுப்புனா அதோட கால வளைச்சிருவான், அதனால ஞாயித்துக்கிழமை உத்யான் ரயில்ல டிக்கெட் போட்டுட்டேன். வேண்டாம்னு மெசேஜ் போடாத, கேன்சல் பண்ணா காசு புடிச்சுக்குவான். அந்த ரூம்ல எர்த்த மட்டும் பாத்து, ரெண்டு பிளக்கு மாத்திட்டு வந்துருவேன், உங்க ரிகர்சலுக்குத் தொந்தரவு இருக்காது, வேணும்னா ஆர்கன் கிட்ட ஓரமா உக்காந்துக்குவேன்.

உங்கம்மா இட்லிப் பொடியும் முறுக்கும் கட்டுதா. மல்டிமீட்டரு நான் கொண்டாரேன், நீ ஒண்ணும் வாங்காத. மெஜஸ்டிக்ல இறங்கி நானே ஆட்டோ புடிச்சு வந்துருவேன், ஸ்டேஷனுக்கு வராத, தூங்கு. இப்ப இருக்க வீட்டு நம்பர மட்டும் அனுப்பு.

அப்பா