அம்மாவுக்குப் போன் போடும் முன்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் சிறப்புப் பயிற்றுநர்களின் வணக்கம்.

"இன்னைக்கும் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டான். வந்து கூட்டிட்டுப் போங்க." ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் பலருக்கு இந்த அழைப்பு பழகிப்போன ஒன்று. களையெடுப்பிலோ கடையிலோ நிற்பவர், போட்டது போட்டபடி ஓடி வருகிறார். ஒரு வகுப்பு முழுவதையும் தனியாளாகக் கட்டி மேய்க்கும் உங்கள் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் போனைப் போட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். கணக்கு புரியவில்லை, தள்ளினான், வீட்டுக்குப் போனான் என்றால் நாளைக்கும் தள்ளுவான்.

தள்ளுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. "முரட்டுத்தனம் செய்தான்" என்று எழுதினால் பயனில்லை. "12.35, சாப்பாட்டு வரிசை, முன்னால் நின்றவன் முதுகில் இரண்டு கையாலும் தள்ளினான்" என்று எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரே இடமோ ஒரே நேரமோ திரும்பத் திரும்ப வரும்.

பல பள்ளிகளில் அது சத்துணவு வரிசைதான். தட்டுச் சத்தம், பின்னாலிருந்து உரசும் உடம்பு, எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது. நமக்கு லேசான உரசல், சில குழந்தைகளுக்கு அடி விழுந்தது போல. முதலில், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஒரு தோழனோடு அனுப்பிக் கை கழுவித் தட்டு வாங்க வையுங்கள். அது பழகியபின் இரண்டே பிள்ளைகள் நிற்கும் வரிசையில் கடைசியாக நிறுத்துங்கள். பின்னால் உரச ஆள் இருக்காது. ஒரு கை இடைவெளி விட்டுத் தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளாமல் நின்றால் ஒரு பிள்ளையைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு முழு வரிசைக்குத் தாவினால் பழைய கதைதான்.

"எல்லாரும் நோட்டை எடுங்க" என்றால், அந்த "எல்லாரும்" தனக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றாமல் போகலாம். பெயரைச் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இடையில் வேறு சொற்களில் திரும்பச் சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். "ஓடாதே" என்பதை விட "நட" எளிது. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பார்க்காமலும் கேட்பான்.

பாடம் தாங்க முடியாமல் போனால் தள்ளுவதற்குப் பதில் காட்ட, உள்ளங்கை அளவில் ஒரு பச்சை அட்டை கொடுங்கள். அதைக் காட்டினால் அமைதியான மூலையில் ஐந்து நிமிட ஓய்வு. பிறகு விட்டுப்போன கணக்குக்கே திரும்ப வேண்டும், ஆனால் பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. தொடக்கத்தில் எத்தனை முறை காட்டினாலும் உடனே விடுங்கள். அட்டை தோற்பது இங்கேதான். "இப்பதானே போயிட்டு வந்தே" என்று ஒருமுறை மறுத்தால், யாராலும் மறுக்க முடியாத பழைய வழிக்கே, அதாவது தள்ளுவதற்கே, திரும்பிவிடுவான்.

அலறல் தொடங்கிவிட்டால் அறிவுரை வேண்டாம், அது காதில் ஏறாது. மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள், பேச்சைக் குறையுங்கள். ஆபத்து இருந்தாலொழிய கையைப் பிடிக்காதீர்கள். அடங்க அரை மணிகூட ஆகலாம்.

பக்கத்துப் பிள்ளையின் முடியை இழுப்பது பல நேரம் விளையாடக் கூப்பிடுவதுதான். இழுத்தால் துரத்துவார்கள் என்பது அவனுக்கு நிச்சயம். அதற்கு மாற்றாகப் பல்லாங்குழி நல்ல தொடக்கம். இரண்டே பேர், யார் முறை என்பது கண்ணெதிரே தெரியும். குழிக்கு இரண்டு புளியங்கொட்டை போட்டால் ஆட்டம் சீக்கிரம் முடியும். உணவு இடைவேளையில் பத்து நிமிடம் போதும். நான்கைந்து பிள்ளைகள் மாறி மாறி ஆடட்டும். ஒரே பிள்ளையைக் காவலாக்கினால் அதுவும் சலித்துப் போகும்.

(அவன் என்றே எழுதுகிறோம். பெண் குழந்தைகளும் உண்டு. அமைதியாக ஒதுங்கி இருந்துவிடுவதால் பலர் நம் கண்ணில் படுவதில்லை.)

அடியும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. ஆகவே "பாதி நாள் வந்தால் போதும்" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள்.

ஜூனில் வகுப்பு மாறும்போது இத்தனையும் சரிந்துவிடலாம். ஏப்ரல் கடைசி வாரத்திலேயே புது வகுப்பறைக்கு அழைத்துப் போய், உட்காரப்போகும் இடத்தையும் கழிப்பறைக்குப் போகும் வழியையும் காட்டுங்கள். அவற்றையும் புது ஆசிரியரையும் போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். விடுமுறை முழுக்க அவன் பார்க்கட்டும். மூன்று கட்ட நோட்டும் பச்சை அட்டையும் புது ஆசிரியர் கைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள்