படிப்புக் கடன் பற்றி அண்ணாவுக்கு

பெண்டில் ஹில், சிட்னி
24.8.2025

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? சின்னவளின் கல்விக் கடனுக்கு ஜாமீன் ஆள் கேட்டு வங்கியில் உங்களை அலைக்கழிக்கிறார்கள் என்று போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே எப்படி என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் ஜாமீனும் வேண்டாம், வீட்டுப் பத்திரமும் வேண்டாம். கட்டணத்தை அரசாங்கம் நம் பெயரில் கடனாக எழுதிக் கட்டிவிடும். 2025-26 கணக்குப்படி, சம்பளம் வருடத்துக்கு 67,000 டாலரைத் தாண்டிய பிறகுதான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். வரம்பு மாறினாலும், 1989 முதல் முறை இதுதான்.

வட்டி கிடையாது, ஆனால் விலைவாசி ஏறினால் கடனும் ஏறும். 2023-இல் ஒரேயடியாக 7.1 சதவீதம் ஏறியது. மாதாமாதம் கட்டியவர்களுக்குக்கூட பாக்கி கூடிப்போய், நாடே கொதித்தது. எல்லோர் கடனிலும் 20 சதவீதம் தள்ளுபடி என்று சொல்லித்தான் பிரதமர் அல்பனீசி இந்த மே மாதத் தேர்தலைச் சந்தித்தார். ஜெயித்ததும், போன மாதக் கடைசியில் சட்டமாக்கிவிட்டார். சுமார் 30 லட்சம் பேருக்கு 1,600 கோடி டாலர்.

கல்லூரி வாசலையே மிதிக்காதவன் வரிப்பணத்தில் டாக்டர் கடனை அடைப்பதா என்று இன்னும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தொழிற்கல்விக் கடனுக்கும் தள்ளுபடி உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. 2021-இல் முந்தைய அரசு நர்சிங் கட்டணத்தைக் குறைத்து, வரலாறு மாதிரிப் படிப்புகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியது. அதை இவர்களும் தொடவில்லை. இன்றைக்கு ஒரு பி.ஏ. முடிக்க 50,000 டாலருக்கு மேல் ஆகிறது. அடுத்த வருடம் சேரும் பிள்ளைக்கு இந்தத் தள்ளுபடியில் ஒரு சென்ட்கூட வராது. முதலில் கட்டணத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

எங்கள் மூத்தவள் நர்சிங் படிக்கிறாள் அல்லவா? படிப்புக்குள் 800 மணி நேரம் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை பார்க்க வேண்டும். யூனிஃபார்மோடு நின்றபடியே இரண்டு வாய் தயிர்சாதம் அள்ளிப் போட்டுக்கொண்டு, சூப்பர்மார்க்கெட்டில் அரிசி மூட்டை அடுக்க ஓடுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும். இந்த ஜூலை முதல் அந்தப் பயிற்சி நாட்களில் அரசு வாரத்துக்கு 331 டாலர் 65 சென்ட் தருகிறது, வருமான வரம்புக்கு உட்பட்டு. தள்ளுபடியைவிட எனக்கு இதுதான் பெரிய உதவியாகத் தெரிகிறது.

அப்புறம், சின்னவள் விஷயம். ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன் இல்லாமல் கடன் கொடுக்க மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு மேனேஜரைப் பாருங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதல் பருவக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன், கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி