துப்பாக்கிக்கு எட்டாத கை

விண்வெளிப் போர் விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஸ்டூடியோத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுகளில் பெண் வீரராக ஆட ஏன் வழியில்லை என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் வரும் "வீராங்கனையைச் சேர்த்தால் அனிமேஷன் வேலை இரண்டு மடங்காகும்" என்ற பதில் உங்களுக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. 2014இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' விளையாட்டுக்காக யூபிசாஃப்ட் நிறுவனம் இதைச் சொன்னபோது, அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜொனாதன் கூப்பர், ஓரிரு நாள் வேலைதான் என்று போட்டு உடைத்தார். அது விண்வெளி விளையாட்டு இல்லை. ஆனால் இந்தச் சாக்கு எல்லாக் கிரகத்திலும் செல்லுபடியாகிறது.

கடைசி நேரத்தில் அவசரமாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆறடி ஆண் நடிகரை வைத்துப் பதிந்த ரீலோடு அசைவை (குண்டு தீர்ந்த மேகசினை, அதாவது குண்டுப் பெட்டியை, உருவிப் புதியதைச் செருகுவதை), தோள் குறுகிய, கை நீளம் குறைந்த பெண் பாத்திரத்தின் கணினி எலும்புக்கூட்டில் அப்படியே ஏற்றுகிறீர்கள். மூட்டுகளின் திருப்பத்தை மட்டும் நகலெடுத்தால், இடது கை மேகசினுக்கு நாலு விரற்கடை முன்பே நின்றுவிடும். அவள் காற்றை உருவிக் காற்றையே செருகுவாள். கை இருக்கும் இடத்தை நகலெடுத்தால் முன்னங்கை ரப்பர் மாதிரி நீளும். கால் நீளத்துக்கேற்ப இடுப்பைத் தாழ்த்தாவிட்டால் பாதம் தரையைத் தொடாமல் மிதக்கும். துப்பாக்கிக் கட்டை தோளில் பதியாமல் அந்தரத்தில் தொங்கும். ஆணுக்குச் செய்த மார்புத் தகட்டை இடுப்பில் நெருக்கி மாட்டியிருப்பதால், குந்தினால் அது தொடைக்குள் புகுந்துவிடும்.

வைத்தியம் எளிது. துப்பாக்கி மாடலிலேயே இடது கைக்கு ஒரு புள்ளி, தோளுக்கு ஒரு புள்ளி வைத்து, கையை ஐகே (கை சேர வேண்டிய இடத்தைச் சொன்னால் மூட்டுகளின் மடிப்பைக் கணினியே கணக்கிடும் முறை) மூலம் அதோடு கட்ட வேண்டும். முழங்கை எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதற்கு இன்னொரு புள்ளி. ரிக் போடும்போதே, அதாவது எலும்புக்கூட்டையும் அதை அசைக்கும் கட்டுப்பாடுகளையும் அமைக்கும்போதே, செய்தால் பின்னால் வரும் ஆயுதங்களுக்கெல்லாம் இதே ஏற்பாடு போதும். இருபது துப்பாக்கி முடிந்தபின் செய்தால் ஒவ்வொன்றையும் திறந்து திருத்த வேண்டும். அந்தச் செலவைத்தான் நீங்கள் "இரண்டு மடங்கு" என்கிறீர்கள். எனவே கேட்பது ஒன்றுதான்: வீராங்கனையை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள்.

உடம்பு சிறியதானால் குண்டு படுவது குறையும், போட்டி நியாயமாக இருக்காது என்பீர்கள். இருவருக்கும் ஒரே ஹிட்பாக்ஸ் (குண்டு பட்டதா என்று கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத எல்லை) வையுங்கள், தீர்ந்தது. வசனப் பதிவுக்கு 2007லேயே 'மாஸ் எஃபெக்ட்' வழி காட்டியது. நாயகர் ஆணோ பெண்ணோ, கூட இருப்பவர்கள் 'ஷெப்பர்ட்' என்றே கூப்பிடுவார்கள். அவர்களுடைய பெரும்பாலான வசனங்களை இரண்டு தடவை பதிய வேண்டியதில்லை. 'ஹேலோ: ரீச்' (2010) வெறும் 'சிக்ஸ்' என்ற அழைப்பில் சமாளித்தது.

நிஜத்தில் அமெரிக்க ராணுவம், குட்டையான, தோள் குறுகிய கவச அங்கியைப் பெண்களுக்கென்றே தைத்து 2012இல் சோதித்தது. பழைய அங்கி உட்கார்ந்தால் இடுப்பில் குத்தியது, துப்பாக்கியைத் தோளில் அழுத்தவும் விடவில்லை. ஒளியை முந்தும் கப்பல் கட்டத் தெரிந்த உங்கள் நாகரிகங்களில் ஒரு தையல்காரர் கிடைக்கவில்லையா? குதிகால் உயர்ந்த பூட்ஸுக்கு மட்டும் ஆள் கிடைத்துவிடுகிறார். 1986இல் 'மெட்ராய்ட்' விளையாட்டில் கவசம் பூண்டு சண்டையிட்ட நாயகி சேமஸையே, 2014இல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' ஹீல்ஸ் மாட்டி உதைக்கவிட்டது. விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கும் உடைக் கடையிலும் பெண் பாத்திரங்களுக்குக் குறையே இல்லை. அங்கே அனிமேஷன் செலவு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. அடுத்த விளையாட்டுக்கு ரிக் போடும் வாரத்திலேயே, பெண் எலும்புக்கூட்டையும் அதற்கென்று அளந்த கவசத்தையும் சேர்த்துத் தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முதல் நாளே, வெளியீட்டுக்குப் பிந்தைய அப்டேட்டில் வேண்டாம்.

இன்னொரு சின்ன விண்ணப்பம். 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3' பெட்டியின் உறைத்தாளை உருவித் திருப்பிப் போட்டால்தான் பெண் ஷெப்பர்ட் முன்னால் வருவார். இரண்டு பக்கமும் அச்சிடும் வழக்கம் நல்லதுதான், தொடருங்கள். அடுத்த தடவை ஆண் நாயகரின் படத்தை உள்பக்கம் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்குபவர்கள்