மண்டபத்து லைட்டை இரவு பத்து மணிக்கு அணைத்துத் தரக் கோரும் நான்காவது மனு

2024.10.21

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர்

விடயம்: பணிய கணக்கு (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) விளையாட்டு மைதானத்துக்கு மேலே உள்ள பல்நோக்கு மண்டபத்தின் பெரிய லைட்டுகள் விடிய விடிய எரிவதால் வலசை வரும் பறவைகள் மோதிச் சாவது தொடர்பாக
(முன்னைய மனுக்கள்: 2022.11.14, 2023.10.16, 2024.02.12)

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி விடயமாக நான் தங்களுக்கு எழுதும் நான்காவது மனு இது. முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தபடியால் கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது என்பதுதான் அதில் இருந்த முழுச் செய்தியும். மூன்றாவதை ஒரு நாள் பேரை (நாட்சம்பளத்தை) விட்டுவிட்டு நானே கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் சீல் குத்தி வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் சீல் குத்திய பிரதி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் இடத்தைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மண்டபத் திறப்பு விழாவுக்கு வந்திருந்தீர்கள். மாரியம்மன் கோவில் முடக்கில் ஜீப் திரும்பாமல் பின்னால் வழுக்கியபோது சில்லுக்குக் கல் வைத்துத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். ஆகவே நேராக விடயத்துக்கு வருகிறேன்.

1. மண்டபம் திறந்தது 2021 இல். அன்று முதல் இன்றுவரை அதற்குள் நடந்தவை இரண்டு: கொரோனா ஊசி போட்டார்கள், ஒரு தொழிற்சங்கக் கூட்டம் வைத்தார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஆனால் வாசலில் நட்ட உயரக் கம்பத்தின் நான்கு லைட்டுகளும் பின்னேரம் ஆறு மணிக்குத் தானாகப் பற்றி, காலை ஆறு மணிக்குத் தானாக அணைகின்றன. மண்டபத்தின் முகப்பு கீழிருந்து கூரைவரை கண்ணாடி. லைட் அந்தக் கண்ணாடியில் அடித்துப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெறிக்கிறது.

2. நான் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. விடியற்காலை நாலரைக்கு வேலை முடிந்து மைதானத்தைக் கடந்துதான் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதே நடை. பறவைகளைப் பற்றி நான் படித்தவன் இல்லை, இந்த நடையில் பார்த்தவன். பார்த்ததைத் திகதி போட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

வரிசை வருடா வருடம் பெரிதாக மாறாது. முதலில் செய்தி வருவது மன்னாரிலிருந்து. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போன என் சித்தப்பா குடும்பம் இப்போது வங்காலைப் பக்கம் இருக்கிறது. செப்டெம்பர் பிறந்தால் தங்கச்சி போன் எடுப்பாள்: "அண்ணே, உள்ளான் கூட்டம் இறங்கிருச்சு." அப்புறம் ஊசிவால் வாத்து வந்ததைச் சொல்வாள், பூநாரையைச் சொல்வாள். அங்கே கடலேரியும் சேற்றுத் தரையும் சரணாலயமாக இருக்கின்றன, 2010 இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வரும் பறவைகளில் பல அந்தக் கரையைத் தொட்டுத்தான் தீவுக்குள் நுழைகின்றன. நீரில் நடப்பவை அங்கேயே தங்கிவிடும். காட்டுக் குருவிகள் நிற்காமல் உள்ளே வரும்.

(எங்கள் பாட்டன் பூட்டன்மார் இறங்கியதும் அந்தக் கரையில்தான். 2023 இல், அவர்கள் வந்து இருநூறு வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நானும் கடைசி நாள் மாத்தளைக்குப் போயிருந்தேன். அதைப் பேச இது இடமில்லை, விட்டுவிடுகிறேன்.)

இங்கே முதலில் தெரிவது சாம்பல் வாலாட்டி. கான் ஓரமாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். பிறகு பழுப்புக் கீச்சான், கவ்வாத்து வெட்டிய மலையில் கம்பு கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து கரகரவென்று கத்தும். ஒக்டோபரில் மற்றவை: இமயமலைப் பக்கத்துப் பூங்குருவி, அவிச்சியா, காஷ்மீர் ஈப்பிடிப்பான். இந்தக் கடைசிப் பறவை உள்ளங்கைக்குள் அடங்கும். காஷ்மீர்ப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் இலங்கை மலைநாட்டை நம்பியே வருகிறது. அதைப் பார்க்க நுவரெலியா விக்டோரியா பூங்காவில் வெள்ளைக்காரர்கள் கமெராவோடு கால் வலிக்க நிற்கிறார்கள். எங்கள் மண்டபத்து வாசலில் அது மல்லாந்து கிடக்கிறது.

3. ஏன் மோதுகிறது என்று தங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தச் சின்னக் குருவிகள் பகலில் தூரம் போவதில்லை, இரவில்தான் பறக்கும், நட்சத்திரத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு. ஒக்டோபர், நவம்பரில் எங்கள் ஊர் எப்படி என்று தங்களுக்குத் தெரியும்: பின்னேரம் இடிமழை, இரவானால் மூட்டம். மூட்டத்துக்குள் நட்சத்திரம் இல்லை, நான்கு லைட்டுதான் இருக்கிறது. அதைச் சுற்றத் தொடங்கினால் விட்டுப் போகத் தெரியாது. சுற்றிச் சுற்றிக் களைத்து விழும், இல்லாவிட்டால் கண்ணாடியில் அடிபடும். இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அசாமில் ஜதிங்கா என்ற மலைக் கிராமத்தில் நிலவில்லாத மூட்ட இரவுகளில் பறவைகள் விளக்கைத் தேடி வந்து விழுவது உலகறிந்த விடயம். 2022 இல் உலக வலசைப் பறவைகள் தினத்துக்கு எடுத்த பேசுபொருளே இரவு வெளிச்சம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2022 இல், பங்குனி, சித்திரையில், நாடே மின்வெட்டில் கிடந்தது. அது பறவைகள் திரும்பிப் போகும் காலம். லைட் எரியாத இரவுகளுக்குப் பிறகு நான் வாசலில் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. கொப்பியில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

4. அவிச்சியாவைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன் ஐயா. தாங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குட்டை வால், பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. தமிழில் ஆறுமணிக் குருவி என்பார்கள், விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால். ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் கடல் தாண்டி வருகிறது. வந்து சேரும் நாளில் சிலவற்றுக்கு நிற்கவும் தெம்பு இருக்காது. முன்பு லயத்துக் குசினிக்குள்ளேயே வந்து ஒடுங்கி நிற்கும். என் அம்மா அரிசிக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்து, பொழுது விடிந்ததும் திறந்துவிடுவார்.

இந்த மாதம் 15 ஆம் திகதி விடியற்காலை மண்டபத்து வாசலில் ஏழு கிடந்தன. ஏழு ஐயா. நாலு அவிச்சியா, இரண்டு பூங்குருவி, ஒரு ஈப்பிடிப்பான். எறும்பு மொய்க்கத் தொடங்கிவிட்டது. அவிச்சியா ஒன்றுக்கு உயிர் இருந்தது. ஒரு செட்டை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தலைத்துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தேன். துண்டுக்கு மேலாகவே அதன் நெஞ்சு அடித்தது எனக்குத் தெரிந்தது. இஸ்தோப்பில் வைத்துத் தண்ணீர் சொட்டினோம், குடிக்கவில்லை. ஆறு மணிக்கு வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. இரண்டு மூன்று முறை திறந்து திறந்து பார்த்தது. பேத்தி காதைப் பக்கத்தில் கொண்டுபோய், "தாத்தா, சத்தம் இல்லை" என்றாள். சரியாக அதே நேரத்துக்கு மேலே லைட் அணைந்தது.

பேத்திக்கு ஒன்பது வயது. பாடசாலைக்கு மைதானத்து வழியாகத்தான் போக வேண்டும். போன வருடம்வரை செத்ததையெல்லாம் பொறுக்கித் தேயிலைத் தூருக்குள் புதைத்துவிட்டுப் போவாள். கையைக் கழுவு என்று அவளோடு கத்துவதே எனக்கு வேலை. இந்த வருடம் பொறுக்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் சிங்கள மெக்கானிக் ஒரு கதை சொன்னார். அவிச்சியாவின் உடையை மயில் திருடிக்கொண்டதாம். அதனால்தான் அது, விடியட்டும், முறைப்பாடு செய்கிறேன், முறைப்பாடு செய்கிறேன் என்று கத்துகிறதாம். கேட்டுச் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால், நானும் மூன்று வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதற்காவது இரண்டு வேளைதான் கத்தல்.

5. லைட்டை அணைக்க என்ன செய்ய வேண்டும்? கம்பத்தின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு சாவி. அவ்வளவுதான்.

கிராம உத்தியோகத்தரைக் கேட்டேன், கட்டிடம் மட்டும்தான் தன் கணக்கில் இருக்கிறது, கம்பம் இல்லை என்றார். கம்பம் போட்டவர்களிடம் போனால், போட்டுக் கையளித்துவிட்டோம் என்றார்கள். யாரிடம்? பைலைப் பார்க்க வேண்டும். கரண்டுக்காரர்கள், பில் கட்டுகிறவர் எழுதித் தந்தால் வருகிறோம் என்றார்கள். பில் யார் கட்டுகிறார் என்று அவர்களே சொல்லவில்லை. தோட்டத்தில் கேட்டால், அது அரசாங்க லைட். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், அது தோட்டத்துக் காணி. இத்தனை பேர் சேர்ந்து ஒரு பூட்டைப் போட்டிருக்கிறார்கள், ஒருவரிடமும் சாவி இல்லை!

பூட்டை உடைத்துவிடலாம் என்று பொடியன்கள் சொன்னார்கள். நான்தான் தடுத்தேன். தடுத்தது சரிதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சாவி யாரிடம் என்று கேட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம் என்று மகன் சொல்கிறான். பயமுறுத்துவதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். பெரிய பெரிய விடயங்களுக்கு வந்த சட்டத்தைப் பூட்டுச் சாவிக்குப் பாவிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு வழி வைக்காமல் விட்டால் நிரப்பத்தான் வேண்டி வரும்.

6. "லைட் வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் முதல் தோட்டக்காரன் நீதான்" என்று போன தடவை ஒரு உத்தியோகத்தர் சிரித்தார். அவரும் சும்மா சொன்னதுதான். ஆனால் எங்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று யார் சொன்னது? குப்பி லாம்பில் படித்த ஆள் நான். பீலிக்கரையிலிருந்து ஏழாம் நம்பர் லயம்வரை உள்ள படிக்கட்டில் ஒரு பல்ப் இல்லை. போன மாதம் அந்தப் படியில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கியது. பெண்பிள்ளைகள் அந்திக்குப் பிறகு தண்ணீருக்குப் போகப் பயப்படுகிறார்கள். ஆள் நடக்கும் படி இருட்டு, ஆள் இல்லாத மண்டபம் பட்டப்பகல். அந்த நாலில் ஒன்றைக் கழற்றி, கீழே பார்க்கிற மாதிரி மூடி போட்டு, படிக்கட்டில் மாட்டினால் எங்களுக்கும் உதவி, குருவிக்கும் உதவி. மற்ற மூன்றும் மண்டபத்தில் விசேஷம் நடக்கிற அன்று எரியட்டும். இரவு பத்து மணிக்கு அணைத்தால் போதும். சாவியை என்னிடம் தந்தால் நானே அணைக்கிறேன். இரவு வேலைக்குப் போகிற வழிதானே. அதற்குச் சம்பளம் கேட்கவில்லை, ஓவர்டைம் கேட்கவில்லை, அரைப்பேர்கூட வேண்டாம்.

7. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, இந்தக் குருவி ஒன்றை நான் கவண் வைத்து அடித்தால் என் மேல் வழக்குப் போடலாம். சரி, போடட்டும். நான்கு லைட் வைத்து அடித்தால் யார் மேல் போடுவது?

8. சாவி.

9. கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் வேலைப்பளு உள்ளவர், காணிப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, மண்சரிவு என்று தங்கள் மேசையில் கிடக்கும் பைல்களுக்கு முன்னால் குருவி பெரிதில்லை என்பதும் தெரியும். அதனால்தான் பணம் செலவாகும் எதையும் கேட்காமல் எழுதுகிறேன். ஒரு பூட்டைத் திறக்கத் தங்கள் கையெழுத்தோடு இரண்டு வரி வேண்டும். யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியாவிட்டால் எல்லாருக்கும் பிரதி அனுப்புங்கள் ஐயா, யாரிடமாவது இருக்கும்.

வருகிற 31 ஆம் திகதி தீபாவளி. அதை ஒட்டி அமாவாசை. நிலவு இருக்காது, மூட்டம் இருக்கும். கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வருடமும் அதிகம் விழுவது இப்படிப்பட்ட இரவுகளில்தான். நேற்று இரவு தங்கச்சி மன்னாரிலிருந்து போன் எடுத்து, இந்த வருடம் கூட்டம் பெரிது என்று சொன்னாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் அந்த லைட்டை அணைக்கத் தயவாக ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இஸ்டோர் இரவு வேலைத் தொழிலாளி,
ஏழாம் நம்பர் லயம், பணிய கணக்கு.

இணைப்பு: சீல் குத்திய மூன்றாவது மனுவின் பிரதி 1, கொப்பியில் ஒக்டோபர் மாதப் பக்கங்களின் போட்டோப் பிரதி 6. ஏழாவது பக்கத்தில் பேத்தி அவிச்சியா படம் கீறி வைத்திருப்பதால் அதை இணைக்கவில்லை.