கிரிப்டோ டிரைவரிலிருந்து குளோபல் மாறிகளை எடுத்துவிடுங்கள்

டிரைவரைப் பராமரிக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

பின்னணி நீங்கள் அறிந்ததுதான்: குறியாக்கச் சில்லை இயக்கும் உங்கள் லினக்ஸ் டிரைவர், எல்லாத் திரெட்டுகளும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பகிரும் குளோபல் மாறிகளில் தன் தகவல்களை வைத்திருக்கிறது. அவற்றை நீக்கும் பேட்ச் (திருத்தம்) இந்த முறையும் “போர்டில் ஒரு சில்லுதானே இருக்கிறது” என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிட்டது. சில்லு ஒன்றே ஆனாலும் இந்த நிரல் தவறு.

கோப்பின் தலையில் ஸ்டாட்டிக்காக இருக்கும் 12 பைட் நான்ஸ் பஃபரை மட்டும் பாருங்கள். நான்ஸ் என்பது ஒரே சாவியோடு ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத எண். ஒரு திரெட் அதில் தன் நான்ஸை எழுதுகிறது. சில்லு படிப்பதற்குள் இன்னொரு திரெட் அதன்மேல் எழுதிவிடுகிறது. சாவியும் ஒன்றாக இருந்தால், இரண்டு செய்திகள் ஒரே நான்ஸில் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் குறியாக்கமாகிப் போகின்றன. அந்தச் சைஃபர்டெக்ஸ்டுகளை (குறியாக்கிய செய்திகளை) எக்ஸ்ஆர் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டால்) மூலச் செய்திகளின் எக்ஸ்ஆர் கைக்கு வரும். அங்கீகாரச் சாவியையும் கணக்கிட்டுப் செய்தி மாறவில்லை என்று காட்டும் டேகையே போலியாகப் போடலாம். கெர்னல் விழாது, பதிவேட்டில் (லாகில்) ஒரு வரி வராது. மறுமுனையில் எப்போதாவது ஒரு டேக் பிழை தெரியும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் மியூடெக்ஸ் பூட்டைப் போட்டால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் இரண்டாவது சில்லைச் சேர்க்கும் ப்ரோப் ஓடியதும் குளோபலில் இருந்த முதல் சில்லின் பாயின்டர் (நினைவக முகவரி) அழிந்துவிடும்; ஒன்றை ரிமூவ் செய்தால் மற்றது விடுவித்த நினைவகத்தைத் தொடும். ஆகவே கேட்பது ஒன்றே: குளோபல்களை எடுங்கள். நான்ஸ் அந்தந்தக் கோரிக்கையோடு, செஷன் சாவி ஃபைலைத் திறக்கும்போது (ஓப்பனில்) உருவாகும் சூழலோடு, ரெஜிஸ்டர் முகவரியும் பூட்டும் கோரிக்கை வரிசையும் ஒவ்வொரு சாதனத்துக்குமான ஸ்ட்ரக்டோடு இருக்கட்டும். இன்டரப்ட் (சில்லின் அழைப்பு) பதிவின் கடைசி ஆர்கியுமென்டாக அந்த ஸ்ட்ரக்டையே கொடுங்கள்.

சாதனம் கழன்றதும் நினைவகத்தைத் தானே விடுவிக்கும் டெவ்எம் ஒதுக்கீட்டில் மட்டும் கவனம் தேவை. ஃபைல் திறந்திருக்கும்போதே சாதனத்தைக் கழற்றினால் நினைவகம் போய்விடும். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் கேரெஃப் வைத்து, கடைசிப் பிடி விட்டபின் விடுவியுங்கள். நினைவகத்தை விடுவிக்கும் வெறும் கேஃப்ரீ அதிலுள்ள சாவியைத் துடைக்காது, துடைத்து விடுவிக்கும் கேஃப்ரீ_சென்சிடிவ் வேண்டும்.

“ஓடுகிற நிரல், தொடாதே” என்ற பழக்கம் பாதுகாப்பு நிரலில் ஆபத்தானது. புது டிரைவர் எழுதுகிறவர்கள் உங்கள் கோப்பை நகலெடுத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். தவறும் கூடவே போகிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பேட்ச் வரிசை முழுவதையும் ஒரேயடியாக ஏற்க வேண்டாம். நான்ஸை நகர்த்தும் முதல் பேட்சையாவது அடுத்த மெர்ஜ் விண்டோவுக்குள் (மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் திரெட் மோதலைக் கண்டுபிடிக்கும் கேசிசானை இயக்கி, இரண்டு திரெட்டை ஒரே சில்லில் விட்டுப் பாருங்கள். தயவுசெய்து பார்த்தபிறகு பதில் எழுதுங்கள்.