சம புள்ளியில் நிற்கும்போது யார் கீழே இறங்குவது?

ரெஜியோ எமிலியா,
20.06.2023

அன்பின் பெரியண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் எல்லோரின் சுகமும் அறிய ஆவல். அம்மாவைக் கண் காட்டக் கூட்டிப் போனதாகச் சின்னக்கா சொன்னா. கண்ணாடி மாற்றச் சொன்னார்களா, சத்திரசிகிச்சை என்று சொன்னார்களா என்பதை விவரமாக எழுதுங்கள். காசு எவ்வளவு தேவையென்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் உதைபந்தாட்ட லீக்குக்கு, சம புள்ளி வந்தால் யார் இறங்குவது என்று இந்தமுறை ஒழுங்கான விதி எழுதப் போகிறோம், இத்தாலியில் எப்படிச் செய்கிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொல்வதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட ஏலாது. அதுதான் கடிதமாக எழுதுகிறேன். போன வருடம் இரண்டு கழகங்கள் சம புள்ளியில் நின்று, கடைசியில் பூவா தலையா போட்டு ஒன்றைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் பொடியள் மழையிலும் வெயிலிலும் விளையாடியவர்கள். காசு சுண்டி அவர்களைக் கீழே இறக்கியது பெரிய அநியாயம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நான் இப்போதும் அதே தொழிற்சாலையில்தான், தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்யும் இடத்தில். சூளைக்குள் 1200 பாகை வரை சூடு ஏறும். அதற்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வெளியே வந்தால் ஜூன் மாத வெயிலும் குளிராகத்தான் தெரியும். இந்தப் பக்கம் சஸ்ஸுவோலோ என்றொரு சின்ன நகரம் இருக்கிறது, டைல்ஸுக்குப் பேர்போன இடம். அந்த ஊர்க் கழகமும் முதற்பிரிவான சீரி ஆவில் விளையாடுகிறது. ஆனால் அவர்களின் சொந்த மைதானம் எங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டும் பசை செய்கிற மாப்பெய் நிறுவனத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சின்னவன் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான்.

போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு, 11ஆம் திகதி, அந்த மைதானத்தில் நடந்த ஆட்டம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

சீரி ஆவில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள், கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கவேண்டும். சாம்ப்டோரியாவும் கிரெமொனேஸேயும் ஏற்கெனவே இறங்கிவிட்டன. இறங்கவேண்டிய மூன்றாவது அணி ஸ்பெட்சியாவா வெரோனாவா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் சரியாக 31 புள்ளிகள். போன வருடம் வரைக்கும் இருந்த விதி என்றால், இரண்டும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெரோனாவில் நடந்ததை ஸ்பெட்சியா 2-1 என்று வென்றது, ஸ்பெட்சியாவில் நடந்தது 0-0. ஆகவே ஸ்பெட்சியா தப்பியிருக்கும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உள்ளதுபோல முழுப் பருவத்தின் கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்து, பார்த்திருந்தால் வெரோனாவுக்கு -28, ஸ்பெட்சியாவுக்கு -31. வெரோனா தப்பியிருக்கும். இந்தப் பருவத்தில் இத்தாலிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்கள். முதலிடத்துக்கோ, இறங்கும் இடத்துக்கோ சம புள்ளி வந்தால் பொதுவான மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம். தொண்ணூறு நிமிடத்தில் முடியாவிட்டால் மேலதிக நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி.

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிற ஒருவர் லா ஸ்பெட்சியாக்காரர். அறுபதை நெருங்குகிற மனுசன், நல்ல மனுசன். எனக்கு இந்த வேலையைக் கையைப் பிடித்துக் காட்டித் தந்தவர். மைதானத்தடியில் கார் விட இடமிருக்காது என்று எங்கள் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு, மகனோடு கழுத்தில் வெள்ளை கறுப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். நானும் சின்னவனும் சந்தியில் உள்ள பாரில் டிவியில் பார்த்தோம். ஐந்தாவது நிமிடத்திலேயே ஃபரவோனி வெரோனாவுக்கு அடித்தார். அம்பாடு அதைச் சமன் செய்தார். அப்புறம் வெரோனாவின் எங்கோஞ் இரண்டு கோல். இடைவேளைக்கு 3-1. இரண்டாம் பாதியில் ஃபரவோனி கோல் போகிற பந்தைக் கையால் தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். பெனால்டியை இன்சோலா அடித்தார், வெரோனாவின் காப்பாளர் மொந்திப்போ பிடித்துவிட்டார். அதோடு ஆட்டம் முடிந்த மாதிரி. பத்துப் பேரோடு நின்று வெரோனா தப்பியது.

நடுச்சாமத்துக்குக் கிட்ட அவர் காரை எடுக்க வந்தார். அப்படியே மலைப்பாதையில் ஓட விட மனம் வரவில்லை, உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. மனைவி தேநீர் ஊற்றிக் கொடுத்தா. மனுசன் மேசையில் கிடந்த கரண்ட் பில்லைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதினார்: ஸ்பெட்சியா 4, வெரோனா 1. "இரண்டு முறை மோதினோம், ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பிறகு எதற்கு மூன்றாவது முறை?" என்று கேட்டார். அண்ணா, அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு எதிராகக் கதைக்க யாருக்கு மனம் வரும்? நானும் கதைக்கவில்லை. ஆனால் அவர் போனபிறகு அந்தக் காகிதத்தை எடுத்து அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: ஸ்பெட்சியா 27, வெரோனா 30.

இந்த வரியைத்தான் நீங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தவேண்டும். இரண்டுக்கும் மொத்தம் 31. அதில் ஸ்பெட்சியா நான்கு புள்ளியை வெரோனாவிடமிருந்து எடுத்தது என்றால், மற்றப் பதினெட்டு அணிகளிடமும் எடுத்தது 27தான். வெரோனா ஸ்பெட்சியாவிடம் ஒன்றுதான் எடுத்தது, மற்றவர்களிடம் 30 எடுத்தது. சம புள்ளியில் நிற்கும் இரண்டு அணிகளில் எது நேருக்கு நேர் கூட எடுத்ததோ, அது மிச்ச எல்லோரிடமும் அந்தளவுக்குக் குறைய எடுத்திருக்கும். கணக்கு அப்படித்தான் வரும், வேறு மாதிரி வர வழியில்லை. நேருக்கு நேர் வென்றதற்கான புள்ளி அந்த 31க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்து இரண்டாம் முறையும் எண்ணினால், 36 ஆட்டங்களில் கூடப் பாடுபட்டவனை இரண்டு ஆட்டங்களை வைத்துத் தள்ளிவிடுகிறோம். இந்த விதி ஸ்பெயினிலும் இருக்கிறது, கேட்க நியாயமாகவும் இருக்கும். எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியென்றால் கோல் வித்தியாசம்தானே சரி என்பீர்கள். பெரிய லீக்கில் அதற்கு ஒரு பலம் இருக்கிறது, எல்லா ஆட்டமும் கணக்கில் வரும். ஆனால் அதிலும் கொடுமை உண்டு. 1999 மே 29, ஜெர்மனியில் கடைசிச் சுற்று. நூர்ன்பேர்க் அந்த நாளைப் பன்னிரண்டாவது இடத்தில் நின்று தொடங்கியது, யாரும் அவர்களுக்குப் பயப்படவில்லை. சொந்த மைதானத்தில் ஃப்ரைபேர்க்கிடம் 2-1 என்று தோற்றார்கள். அதே நேரம் பிராங்பேர்ட், கைசர்ஸ்லவுட்டர்னை 5-1 என்று அடித்தது, ஐந்தாவது கோல் முடிகிற நேரத்தில் விழுந்தது. இரண்டுக்கும் 37 புள்ளி, கோல் வித்தியாசமும் இரண்டுக்கும் -10. பிராங்பேர்ட் 44 கோல் அடித்திருந்தது, நூர்ன்பேர்க் 40. நூர்ன்பேர்க் இறங்கியது. வேறொரு நகரத்தில், தாங்கள் கண்ணால் காணாத ஒரு ஆட்டத்தில் விழுந்த கோலால் இறங்கினார்கள்.

எங்கள் ஊரில் இது இன்னும் மோசம், உங்களுக்கே தெரியும். தொழிலுக்குப் போன பொடியள் கரை திரும்பாத நாளில் எட்டுப் பேரோடு இறங்கி ஒன்பது கோல் வாங்குகிற கழகம் எத்தனை! அந்த ஒன்பதை அடித்தவனுக்கு அது அதிர்ஷ்டம். அடுத்த கிழமை அதே கழகத்தைப் பதினொரு பேரோடு சந்திக்கிறவன் என்ன பாவம் செய்தான்? கடைசிச் சுற்றில் ஏற்கெனவே இறங்கிவிட்ட கழகத்தோடு கதைத்துப் பேசிக் கோல் போடுவதும் நடக்கும். நடக்காது என்று சத்தியம் பண்ண நான் ஆயத்தமில்லை.

அதனால் என் முடிவு ஆட்டம்தான். சம புள்ளியில் நின்றவர்கள் திரும்ப ஒருமுறை மோதட்டும், சனம் பார்க்கட்டும். ஆனால் இத்தாலி விதியில் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், அந்த நேர்ப் பெனால்டியை. ஒரு வருடப் பாடு ஐந்து உதையில் முடியக்கூடாது. சமநிலையில் முடிந்தால், பருவம் முழுவதும் கோல் வித்தியாசம் கூட வைத்திருந்த கழகம் தப்பட்டும். மற்றது வென்றே ஆகவேண்டும். அப்படிச் செய்தால் முன்னர் ஆடிய ஆட்டங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கும், முடிவு மைதானத்திலும் இருக்கும். இது என் கற்பனையும் அல்ல. இங்கே இரண்டாம் பிரிவான சீரி பியில் இறங்காமல் தப்ப ஆடுகிற ஆட்டங்கள் சமமாக முடிந்தால், பட்டியலில் கூடப் புள்ளியோடு மேலே நின்ற அணிதான் தப்பும். ஆட்டத்துக்கு வராத கழகத்துக்கு எதிராக எழுதிக் கொடுக்கிற கோல்களை மட்டும் கோல் வித்தியாசத்தில் சேர்க்காதீர்கள்.

மூன்று கழகங்கள் சமமாக வந்தால்? அதையும் எழுதிவைக்கவேண்டும், அங்கேதான் சண்டை வரும். 2005இல் இங்கே ஃபியோரென்டினா, பொலோனியா, பார்மா மூன்றும் 42 புள்ளியில் நின்றன. மூன்றும் தங்களுக்குள் ஆடியதை வைத்து ஒரு சின்னப் பட்டியல் போட்டார்கள், அதில் ஃபியோரென்டினா தப்பியது. மற்ற இரண்டும் இரண்டு ஆட்டம் ஆடின. பார்மாவில் பொலோனியா 1-0 என்று வென்றது. தங்கள் ஊரில் 2-0 என்று தோற்று இறங்கியது. எங்கள் நகரத்துக்கு மேற்கே பார்மா, கிழக்கே பொலோனியா, இரண்டு ஊர் ஆட்களும் எங்கள் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். பதினெட்டு வருடமாகியும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதை வந்தால் குரல் ஏறிவிடும். நேருக்கு நேர் கணக்கை நான் வேண்டாம் என்றாலும், மூன்று பேரில் யார் யார் மோதுவது என்று பிரிக்க வேறு வழி இல்லை. இத்தனை சின்ன லீக்கில் மூன்று பேரும் மாறி மாறி ஆட நாளும் இல்லை.

மஞ்சள் அட்டை எண்ணுகிற விதியை யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு நான்கு மஞ்சள், செனகலுக்கு ஆறு. செனகல் வீட்டுக்குப் போனது. ஜப்பான் தன் கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்தும் கடைசி நிமிடங்களில் பந்தைப் பின்னுக்குத் தட்டிக்கொண்டே நின்றது. ஊரில் இதைக் கொண்டுவந்தால் எல்லாப் பழியும் மத்தியஸ்தர் தலையில் விழும். அவரும் அதே ஊரில்தான் குடியிருக்கவேண்டும்.

கடைசிச் சுற்றில் இறங்குகிற நிலையில் உள்ள கழகங்களின் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி 1-0 என்று முன்னுக்கு வந்ததும், ஒஸ்ரியாவும் அவர்களும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நின்று இரண்டு பேரும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், அல்ஜீரியா வெளியே போனது. அதற்குப் பிறகுதான் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கத் தொடங்கினார்கள். இங்கேயும் இந்தமுறை கடைசி இரவு ரோமாவோடு ஸ்பெட்சியாவும், மிலானோடு வெரோனாவும் ஒரே நேரத்தில்தான் ஆடின. வெரோனா 3-1 என்று தோற்றது. ஸ்பெட்சியா 1-1 என்று நின்றிருந்தால் தப்பியிருக்கும், தொண்ணூறாவது நிமிடத்தில் ரோமாவின் டிபாலா பெனால்டியில் கோல் அடித்தார். எங்கள் ஊரில் இரண்டாவது மைதானம் இல்லையென்றால் பள்ளிக்கூட மைதானத்தைக் கேளுங்கள், ஒரு நாளைக்குத்தானே.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் ஆட்டத்துக்கு முன்பே விதியை எழுதி எல்லாக் கழகத்திடமும் கையெழுத்து வாங்குவது. ஸ்பெட்சியாக்காரர் வருத்தப்பட்டாரே தவிர ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. விதி பருவம் தொடங்கமுன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து சூளையடியில் நின்றார்.

விதியை எழுதியதும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கோல் வலைகள் இரண்டும் கிழிந்துவிட்டன என்று சின்னக்காவின் மகன் சொன்னான். சம்பளம் வந்ததும் அதற்குக் காசு அனுப்புகிறேன், நல்ல வலையாக வாங்குங்கள். அம்மாவின் கண் விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி